தனுஷ்கோடிச் சட்டைக்கு எந்த அச்சு?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பர் பெரியோர். அந்த ஆடையில் நாம் விரும்பும் படத்தைப் பதிக்க இன்று பல வழிகள் உள்ளன. அவற்றுள் நம் கடற்கரைக்கு ஏற்றது எது என்று காண்போம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. அந்த ஆன்மாக்களுக்காக அங்கே சென்று செபிக்க எங்கள் வகுப்பு முடிவு செய்தபோது, இடிந்த ஆலயத்தின் படம் பதித்த 40 பனியன் சட்டைகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு நாள் உடுத்துவதற்காகச் சட்டை வாங்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை. அது பிறகும் உடுத்தக்கூடியதாக, அம்மாவின் துவைகல்லுக்கும் ஈடுகொடுப்பதாக இருக்க வேண்டும். ஆகவேதான் இத்தனை ஆராய்ச்சி!

இக்கலை நம் மணலுக்குப் புதிதன்று. இம்பூறல் என்னும் சாயவேர் கடலோர மணலில் வளரும் சிறு செடி. அதன் சிவப்பு தனியே பருத்தியில் நிலைக்காது. முதலில் படிகார நீரால் படம் வரைவார்கள். பிறகு துணியை வேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் அழுத்தமாகச் சிவக்கும். சாயம் நூலோடு ஒன்றிவிடுவதால் துவைத்தாலும் போகாது. சோழமண்டலக் கரையின் இத்தகைய பூத்துணிகள் ஐரோப்பாவில் அவ்வளவு விலைபோயின. தன் நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடுமென்று அஞ்சிப் பிரான்சு அரசு 1686-இல் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடையே விதித்தது! 1869-இல் அதே சிவப்பைச் செயற்கையாகச் செய்யும் முறை வந்தபின் வேர்ச் சாயத்தின் மதிப்புக் குறைந்தது.

இனி இன்றைய முறைகள். படம் அச்சிட்ட தாளைத் துணிமேல் வைத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகி இழைக்குள் புகும். அறிவியல் பாடத்தில் கற்பூரத்தைக் கொண்டு படித்தோமே, அந்தப் பதங்கமாதல்தான் இது. புகைப்படமே அச்சாக வரும். ஆனால் பாலியெஸ்டரில்தான் நிற்கும், பருத்தியில் வெளுத்துவிடும். பாலியெஸ்டரோ வியர்வையை உறிஞ்சாது. நிழலே இல்லாத அரிச்சல்முனையில் அதை உடுத்தி நடக்க எங்களால் ஆகாது.

கணினி இயந்திரம் பருத்தியின்மேல் நேராக மை தெளிக்கும் முறையும் உண்டு. ஒரே ஒரு சட்டைக்கு அது நல்லது. 40 என்றாலும் ஒவ்வொன்றாகத்தான் அடிக்க வேண்டும், விலையும் அதிகம் இறங்காது.

எஞ்சியது ஸ்கிரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளி பட்டால் இறுகும் பசையைத் தடவி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். படம் மறைத்த இடத்தில் பசை இறுகாது, தண்ணீரில் கரைந்துவிடும். அந்த வழியாக மையை ரப்பர் பட்டையால் இழுத்துத் துணியில் இறக்குவார்கள். ஒரு நிறத்திற்கு ஒரு திரை. திரை செய்யும் செலவை 40 பேர் பகிர்ந்தால் சிறுதொகையே. இரண்டு சட்டைக்கு என்றால் நட்டம். பல நிறத்தில் சூரிய உதயம் வேண்டுமென்று எங்களுள் பாதிப்பேர் வாதாடினர். ஆறு திரைக்கான கணக்கைக் கேட்டதும் அமைதியாயினர்.

மையிலும் வகை உண்டு. ரப்பர் பிரிண்ட் கறுப்புத் துணியிலும் எடுப்பாகத் தெரியும். எனினும் தடித்த படலமாகி நெஞ்சில் காற்றுப் புகவிடாது. பிக்மென்ட் மை மெல்லியது, வெளிர் துணிக்கே பொருந்தும். எனவே வெள்ளைப் பருத்தி, கருநீல பிக்மென்ட், ஒரே திரை என்று முடிவாயிற்று. மெல்லிய கோடுகள் வலையில் அடைபடும் என்று அச்சகத்தார் சொன்னதால், ஆலயத்தின் பவளக்கல் சுவர்களைத் தடித்த கோடுகளால் மீண்டும் வரைந்தோம்.

முதலில் ஒரே ஒரு சட்டையை அடித்து வாங்கினோம். அச்சு நன்றாகச் சூடேறி இறுகாவிட்டால் முதல் துவைப்பிலேயே தெரிந்துவிடுமாம். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் 5 முறை துவைத்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி உலர்த்திப் பார்த்தோம். கோடு கலையவில்லை. அதன் பிறகே மீதி 39 சட்டைகளுக்கும் சம்மதம் சொன்னோம்.