நள்ளிரவில் தீப்பற்றினால் திறப்பு எங்கே?



இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். நள்ளிரவில் வீடு தீப்பற்றினால் முன்கதவுத் திறப்பு எங்கே இருக்கும்? அப்பாவின் தலையணைக்கடியிலா, அலுமாரிக்குள்ளா? உங்கள் இளைய பிள்ளைக்கு அது தெரியுமா?

கள்வருக்கு அஞ்சி யன்னலுக்குக் கம்பி போடுகிறோம். கதவுக்குப் பூட்டு மேல் பூட்டுப் போடுகிறோம். அது குற்றமன்று. ஆனால் கள்வன் நுழைய முடியாத வீட்டிலிருந்து நாமும் வெளியேற முடியாமற் போகலாம்.

சுரூபத்தின் முன் அணைக்காமல் விட்ட மெழுகுதிரி, கட்டிலடியில் வைத்த நுளம்புத்திரி, தேய்ந்த மின்கம்பி, குசினி அடுப்பு: தீ எழ இவற்றில் ஒன்று போதும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நம் நாட்டில் பல வீடுகளில் எரிவாயு வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் வாயு காற்றிலும் பாரமானது; தரையோடு படரும். அதன் மணம் வந்தால் எந்த மின்சுவிச்சையும் போடவோ நிறுத்தவோ வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள்.

தீச்சுவாலையிலும் புகையே கொடியது. அது நித்திரையிலேயே மனிதனை மயக்கிவிடும். ஆகவே முன்கூட்டியே திட்டமிடுதல் வேண்டும்.

1. வீட்டின் படத்தைப் பிள்ளைகளைக் கொண்டே வரைவியுங்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழிகளைக் குறியுங்கள். படுக்கையறை யன்னற் கம்பிகளில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக மாற்றுங்கள்.

2. இரவில் திறப்புக்கு ஒரே இடம். வெளியார் கைக்கு எட்டாமலும் வீட்டார் அனைவரும் அறிந்ததாகவும் இருக்கட்டும்.

3. அம்மம்மாவை யார் கூட்டிவருவது, கைக்குழந்தையை யார் தூக்குவது? அவர் வீட்டில் இல்லாத இரவில் வேறு யார்? பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

4. வெளியே கூடுமிடம் ஒன்று வேண்டும். படலையடியாகவோ மாமரத்தடியாகவோ இருக்கலாம். அங்கே தலைகளை எண்ணுங்கள். இல்லையேல், ஏற்கெனவே வெளியேறிவிட்ட பிள்ளையைத் தேடித் தகப்பன் மறுபடி தீக்குள் நுழைவார்.

5. நகைக்கோ காணி உறுதிக்கோ திரும்பிப் போகக்கூடாது. உறுதியின் பிரதியொன்றை உறவினர் வீட்டில் வைத்தால் அந்த ஆசை எழாது.

திட்டம் தாளில் இருந்தாற் போதாது. ஆண்டுக்கு இருமுறையாவது, ஓர் இரவில் விளக்குகளை அணைத்துப் பழகுங்கள். புகை மேலெழும், நல்ல காற்று தரையோரம் நிற்கும். ஆகவே தவழ்ந்து வரப் பழக்குங்கள். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். சுட்டால் திறவாமல் மறுவழியே போகவேண்டும். வெளியேறும்போது கதவைச் சாத்தினால் தீ பரவுவது தாமதமாகும். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல், நிலத்தில் விழுந்து உருளவேண்டும். சிறு பிள்ளைகள் பயத்தில் கட்டிலுக்கடியில் ஒளிப்பார்கள். “ஒளிக்காதே, வெளியே ஓடிவா” என்று பலமுறை சொல்லிவையுங்கள்.

உங்கள் பகுதித் தீயணைப்புப் படையின் தொலைபேசி எண்ணை எல்லாரும் பாடமாக்கட்டும். கொழும்பில் அது 110. வெளியே வந்த பின்னரே அழையுங்கள். தீப்புண்ணுக்குப் பற்பசையோ எண்ணெயோ பூசாமல் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

• நம் வீட்டில் இரண்டாவது வழி எது?
• தானாக எழுந்து நடக்க இயலாதவர் யார்? அவருக்குத் துணை யார்?
• முதற் பயிற்சி எந்த நாளில்?

மூன்றாவது கேள்விக்கு இன்றைக்கே விடை எழுதிவிடுங்கள்.