வானத்தில் எழுதும் எட்டு

எட்டு என்ற எண்ணை முதன்முதலில் எழுதிய நாள் நினைவிருக்கிறதா? மேல் வட்டம் பெரிதாகிவிடும். கீழ் வட்டம் சிறுத்துவிடும். தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. பலகையில் எழுதினோம். அழித்தோம். மறுபடியும் எழுதினோம். ஒரு நாள் சரியாக வந்தது.

இதே எட்டை வானத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறிய விமானம்தான் அவர்களுடைய எழுதுகோல். அழகாக எழுதினால் மதிப்பெண் உண்டு. கோணலாக எழுதினால் மதிப்பெண் குறையும். இதற்கு உலகப் போட்டியே நடக்கிறது. பல நாடுகள் தங்கள் அணிகளை அனுப்புகின்றன. அந்தப் போட்டியைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

கம்பியில் பறக்கும் விமானம்

இது ஆள் ஏறும் விமானம் அல்ல. மாதிரி விமானம். ஆனால் உண்மையாகவே பறக்கும். இதன் எடை சுமார் 2 கிலோ இருக்கும். இறக்கை 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலும் பால்சா என்ற மரத்தால் செய்கிறார்கள். பால்சா மிகவும் இலேசான மரம். தென் அமெரிக்காவில் உள்ள எக்குவடார் நாட்டில் அதிகம் விளைகிறது.

மாதிரி விமானங்களில் பல வகை உண்டு. சிலவற்றை ரேடியோ மூலம் இயக்குவார்கள். நாம் பார்க்கப் போவது கம்பி விமானம். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜிம் வாக்கர் என்பவர் இந்த வகையைப் பரவலாக்கினார்.

செக்கு மாடு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் உரல். மாடு அதைச் சுற்றி வரும். கம்பி விமானமும் அப்படித்தான். நடுவில் வீரர் நிற்பார். விமானம் அவரைச் சுற்றிப் பறக்கும். அவர் கையில் ஒரு கைப்பிடி இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்துக்குப் போகும். கம்பியின் நீளம் 15 மீட்டர் முதல் 21 மீட்டர் 50 சென்டிமீட்டர் வரை இருக்கலாம்.

கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும். விமானத்தின் வாலில் உள்ள சிறு பலகை அசையும். விமானம் மேலே ஏறும். மறுபக்கம் சாய்த்தால் இறங்கும். மேலே, கீழே என்ற இரண்டே அசைவுகள்தான். இந்த இரண்டை வைத்தே வட்டம், சதுரம், முக்கோணம், எட்டு எல்லாம் எழுத வேண்டும்.

ஒரு சுற்றுக்கு 5 நொடிதான் ஆகும். மணிக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர் வேகம். யோசிக்க நேரம் இல்லை. கை தானாகவே அசைய வேண்டும்.

7 நிமிடத் தேர்வு

உலக அளவில் வான் விளையாட்டுகளை நடத்தும் கூட்டமைப்பு ஒன்று உள்ளது. அதன் சுருக்கப் பெயர் எஃப்.ஏ.ஐ. அது 1905-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் உள்ள லோசான் நகரில் அதன் தலைமையகம் இருக்கிறது. கம்பி விமானச் சாகசப் போட்டிக்கு விதிகளை வகுப்பது அந்தக் கூட்டமைப்புதான். உலகப் போட்டி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடப்பது வழக்கம். 2004-இல் அமெரிக்காவின் மன்சி நகரில் நடந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்தது.

வீரர் நடுவர்களுக்குக் கையை உயர்த்திக் காட்டுவார். அப்போதிலிருந்து 7 நிமிடம்தான் நேரம். அதற்குள் விமானம் கிளம்ப வேண்டும். எல்லாச் சாகசங்களையும் வரிசை மாறாமல் செய்ய வேண்டும். தரையில் பத்திரமாக இறங்கவும் வேண்டும்.

முதலில் விமானம் வீரரின் தலைக்கு நேர் மேலே ஏறிக் கடந்து போகும். பிறகு வட்டங்கள். பிறகு தலைகீழாகப் பறக்க வேண்டும். தலைகீழாகப் பறக்கும்போது கையின் வேலையும் தலைகீழாகிவிடும். ஏற்றுவதற்குச் செய்த அசைவு இப்போது விமானத்தைத் தரையில் மோதவைக்கும். புதிதாகப் பழகுகிறவர்களின் விமானம் அதிகம் உடைவது இங்கேதான்.

அடுத்து சதுரங்கள், முக்கோணங்கள். பிறகு எட்டுகள் தொடங்கும். படுத்திருக்கும் எட்டு. சதுர எட்டு. நிற்கும் எட்டு. தலைக்கு மேலே எழுதும் எட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டும். ஆக, ஒரு பறப்பில் மொத்தம் 8 எட்டுகள்.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? இரண்டு வட்டமும் ஒரே அளவா? கோடுகள் குறுக்கிடும் இடம் மாறாமல் இருக்கிறதா? சதுரத்தின் மூலை கூர்மையா? அடிக்கோடு தரையிலிருந்து 1 மீட்டர் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறதா? அதாவது, ஏறக்குறைய ஓர் ஆளின் கழுத்து உயரம். அந்த உயரத்தில், அந்த வேகத்தில், கை சிறிது பிசகினாலும் விமானம் தூள்தூளாகிவிடும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

ஒவ்வொரு சாகசத்துக்கும் நடுவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். கடினமான சாகசத்துக்குப் பெரிய பெருக்கல் எண் உண்டு. ஒருவர் 7 மதிப்பெண் வாங்கினார், பெருக்கல் எண் 10 என்றால் அவருக்குக் கிடைப்பது 70.

காற்றை மதிக்க வேண்டும்

பட்டம் விட்டவர்களுக்கு இது புரியும். நூல் விறைப்பாக இருந்தால் பட்டம் நம் கையில் இருக்கும். நூல் தளர்ந்தால் பட்டம் நம் பேச்சைக் கேட்காது.

கம்பி விமானமும் அப்படியே. ஆகவே வீரர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று சாகசம் செய்கிறார். காற்று விமானத்தை வெளியே தள்ளும். கம்பி விறைப்பாக இருக்கும். காற்று திடீரென்று திசை மாறினால் ஆபத்து. தலைக்கு மேலே எட்டு எழுதும்போது கம்பி தளர்ந்தால் விமானம் கையை விட்டுப் போகும். நல்ல வீரர் பறக்கும்போதே காற்றைக் கவனிப்பார். முகத்தில் காற்று பட்டால் இடம் மாறிக்கொள்வார்.

தனி ஆள் அல்ல, அணி

வட்டத்தின் நடுவில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் அவர் மட்டும் பறப்பதில்லை. ஒரு நாட்டின் அணியில் மூன்று வீரர்கள் இருப்பார்கள். அவர்களுடன் இளையோர் ஒருவரும் சேரலாம். ஆண்களும் பெண்களும் ஒரே வட்டத்தில் போட்டியிடலாம். அணிக்கு ஒரு மேலாளர் உண்டு. வீரருக்கு உதவியாளர் உண்டு.

மூன்று வீரர்களின் முடிவுகளையும் சேர்த்துத்தான் நாட்டு அணியின் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஒருவர் மிக நன்றாகப் பறந்து, மற்றொருவர் விமானத்தை உடைத்துவிட்டால் அணி பின்தங்கிவிடும். ஆகவே சக வீரரின் விமானம் கெட்டுப் போனால், தன் வேலையை விட்டுவிட்டு அதைச் சரிசெய்ய வருகிறார் மற்றவர்.

உதவியாளரின் வேலை சிறிதல்ல. எரிபொருளை அளந்து ஊற்றுகிறவர் பல அணிகளில் அவர்தான். எஞ்சின் வைத்த விமானத்துக்கு மெத்தனால் கலந்த எரிபொருள் ஊற்றுவார்கள். அதில் ஆமணக்கு எண்ணெயும் சேர்ப்பதுண்டு. ஆம், நம் ஊர் ஆமணக்கு எண்ணெய்தான். அது எஞ்சினைத் தேயாமல் காக்கிறது. இப்போது பலர் பேட்டரியில் ஓடும் மோட்டாரையும் பயன்படுத்துகிறார்கள்.

எரிபொருள் குறைந்தால் எஞ்சின் பாதியில் நின்றுவிடும். செய்யாமல் விட்ட சாகசங்களுக்குப் பூஜ்யம். எரிபொருள் அதிகமானால் 7 நிமிடத்துக்குள் இறங்க முடியாது. தாமதமாக இறங்கினால் இறங்கியதற்கு மதிப்பெண் இல்லை. வெயில் நாளில் ஓர் அளவு தேவை. குளிர் நாளில் வேறு அளவு தேவை.

இதை எப்படி நினைவில் வைப்பது? ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள். தேதி, வெப்பம், காற்று, ஊற்றிய அளவு, எஞ்சின் ஓடிய நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

நினைத்துப் பாருங்கள். இரண்டு வீரர்கள் நன்றாகப் பறந்துவிட்டார்கள். மூன்றாமவர் தயாராகிறார். நாட்டின் இடம் இப்போது அவர் கையில் இருக்கிறது. காலையில் இருந்த குளிர் இல்லை. வெயில் ஏறிவிட்டது.

"காலையில் ஊற்றிய அளவே போதும்" என்கிறார் வீரர். அவருக்கு அவசரம்.

"கொஞ்சம் பொறுங்கள். நோட்டைப் பார்த்துவிடுவோம்" என்கிறார் உதவியாளர்.

பக்கத்தைப் புரட்டுகிறார். இதே போன்ற வெயில் நாளில் எழுதிய வரி இருக்கிறது. அதன்படி அளவை மாற்றுகிறார். 8 எட்டுகளும் முடிகின்றன. எஞ்சின் நிற்கிறது. விமானம் நேரத்துக்குள் தரையைத் தொடுகிறது. அன்று அணியைக் காத்தது அந்த ஒரு வரிதான்.

மேலாளருக்கும் எழுத்து வேண்டும். நடுவர் முடிவு விதிக்கு மாறானது என்று தோன்றினால் கூச்சல் போட்டுப் பயனில்லை. முறையான புகாரை எழுதித்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டணமும் கட்ட வேண்டும். புகார் சரி என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். நாமும் ஊராட்சிக்கும் அலுவலகத்துக்கும் மனு எழுதுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

முதலில் பாதுகாப்பு

பறப்பதற்கு முன் கம்பியைச் சோதிப்பார்கள். விமானத்தின் எடையைப் போல 10 மடங்கு விசையுடன் இழுத்துப் பார்ப்பார்கள். 2 கிலோ விமானம் என்றால் 20 கிலோ இழுவை. கம்பி தாங்கினால்தான் அனுமதி. கைப்பிடியை ஒரு பட்டையால் மணிக்கட்டோடு கட்டிக்கொள்ள வேண்டும். கை நழுவினாலும் விமானம் கூட்டத்துக்குள் பாயாது.

மின்கம்பிக்கு அருகில் இந்த விமானத்தைப் பறக்கவிடவே கூடாது. எஃகுக் கம்பி வழியாக மின்சாரம் பாயும். இப்படி உயிர் இழந்தவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் பட்டம் விடும்போதும் இதைச் சொல்லிக் கொடுப்போம். மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் போகக் கூடாது.

நம் நாட்டில்

இந்தியாவில் ஏரோ கிளப் ஆஃப் இந்தியா 1927-இல் தொடங்கப்பட்டது. வான் விளையாட்டுகளில் நாட்டின் சார்பாக உலகக் கூட்டமைப்பில் அது இடம் பெற்றுள்ளது. தேசிய மாணவர் படையாகிய என்.சி.சி.யின் விமானப் பிரிவில் மாணவ மாணவியர் மாதிரி விமானம் செய்யவும் பறக்கவிடவும் பழகுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால், பள்ளியில் அல்லது கல்லூரியில் இந்தப் பிரிவு உள்ளதா என்று கேட்டுப் பாருங்கள்.

வானத்தில் எட்டு எழுதுகிறவரும் முதல் நாளே நன்றாக எழுதவில்லை. கோணலாக எழுதினார். விமானத்தை உடைத்தார். ஒட்டினார். மறுபடியும் எழுதினார். பலகையில் எட்டு எழுதிப் பழகிய நமக்கு அந்த உழைப்பு தெரியும்.

புதிய சொற்கள்

சாகசம் – துணிவும் திறமையும் வேண்டும் செயல்
விசை – இழுக்கும் அல்லது தள்ளும் சக்தி
விறைப்பு – தளராமல் இறுக்கமாக இருப்பது
மணிக்கட்டு – கையும் முன்கையும் சேரும் இடம்

கணக்குப் போடுவோம்

1. விமானம் ஒரு முறை சுற்ற 5 நொடி ஆகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றும்?
2. எஞ்சின் ஒரு நிமிடத்துக்கு 25 மில்லி லிட்டர் எரிபொருள் குடிக்கிறது. 6 நிமிடம் ஓட எவ்வளவு ஊற்ற வேண்டும்?

கலந்து பேசுவோம்

1. வீரர் ஏன் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்?
2. மூன்றாம் வீரர் நோட்டைப் பார்க்காமல் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கலாம்?
3. உங்கள் தொழிலில் எதை நோட்டில் எழுதி வைத்தால் பயன் கிடைக்கும்? இன்றே ஒரு வரி எழுதுங்கள்.