துரையைத் தேடி: இலங்கைத் தோட்டக்கார மூதாதையைக் காணி, வழக்கு ஏடுகளில் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்கள் பாட்டியின் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரை" என்று சொல்லும் குடும்பங்கள் மலையகத்தில் உண்டு. கேட்டுப் பார்த்தால் கையில் இருப்பது பாதிப் பெயர், ஒரு தோட்டத்தின் பெயர், பரம்பரையில் யாருக்கோ வந்த பூனைக்கண். அதே ஆளை மறுகரையிலிருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் உள்ள அவர்களுக்குத் தெரிந்தது, "சிலோனுக்குக் காபித் தோட்டம் போடப் போனார், திரும்பவில்லை" என்பது மட்டுமே. இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆளைத் தேடாதீர்கள், காணியைத் தேடுங்கள். ஆள் ஊர் மாறுவார், கடன்படுவார், காய்ச்சலில் சாவார். காணி கைமாறும்போதெல்லாம் யாராவது எழுதி வைத்தே ஆகவேண்டும்.

முதல் படி: சொந்தக்காரரா, சம்பளக்காரரா?

தோட்டத்தில் அதிகாரம் செய்தவர் எல்லோரும் அதன் உடைமையாளர் அல்லர். 1840களின் காபிக் காலத்தில் காட்டை வாங்கி, வெட்டி, அங்கேயே குடிசை போட்டுக் குடியிருந்த முதலாளிகள் பலர். 1880களிலிருந்து தேயிலை பரவி, தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளின் கைக்குப் போயின. அதன் பின் வந்த பெரிய துரையும் சின்னத் துரையும் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்கிய மேற்பார்வையாளர்கள். இப்படிப்பட்டவரின் பெயரைக் காணிப் பதிவேட்டில் ஆண்டுக்கணக்காகத் தேடினாலும் கிடைக்காது.

இதைத் தீர்த்துக்கொள்ள உதவுவது பெர்குசனின் சிலோன் டைரக்டரி. தோட்டத்தின் பெயர், உடைமையாளர், மேற்பார்வையாளர், ஏக்கர் கணக்கு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒரே தோட்டத்தை ஆண்டுவாரியாகப் பாருங்கள். உங்கள் ஆளின் பெயர் எந்த ஆண்டில் நுழைகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறைந்த ஆண்டு விற்பனையாக இருக்கலாம், சாவாக இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம். எதுவானாலும் அடுத்த படிகளில் எந்த ஆண்டின் ஏட்டைக் கேட்பது என்பது தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: தொழிலாளர்கள் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயரும் ஏட்டிலுள்ள ஆங்கிலப் பெயரும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. குடும்பத்தில் வழங்கும் பெயர் எது என்று முதலில் ஊர்க்காரர்களிடம் விசாரித்து உறுதி செய்யுங்கள்.

இரண்டாம் படி: அரசு கொடுத்த முதல் உறுதி

மலையகத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் உறுதிச் சங்கிலி முடிக்குரிய காணி விற்பனையில் தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியதென்று ஊகித்தது. கண்டிக் கிராமத்தவர்கள் தலைமுறைகளாகப் புழங்கிய நிலம் பல அப்படித்தான் ஏலத்துக்கு வந்தது. உங்கள் மூதாதையின் முதல் உறுதியைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துப் படிப்பதுதான் நேர்மை.

குறைந்தபட்ச விலை முதலில் ஏக்கருக்கு 5 ஷில்லிங். 1844இல் 20 ஷில்லிங் ஆயிற்று. வாங்கியவர்களில் படை அதிகாரிகளும் அரச உத்தியோகத்தர்களும் நிறைய. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அவர்களே கன்னொருவையில் காபித் தோட்டம் வைத்திருந்தார். ஆகவே உங்கள் துரை தோட்டக்காரர் ஆவதற்கு முன் பட்டாளத்துக்காரராகவோ கச்சேரி உத்தியோகத்தராகவோ இருந்திருக்கலாம்.

விற்ற காணிக்கு அளவைப் படம் உண்டு. அதன் இலக்கம் உறுதியிலேயே இருக்கும். அதைக் கொண்டு நில அளவைத் திணைக்களத்தில் விசாரிக்கலாம். படத்தில் நான்கு எல்லைகளையும் பாருங்கள். பக்கத்துக் காணிக்காரர் பெயர்களில் பின்னாளைய மாமனாரோ கூட்டாளியோ கடன் கொடுத்தவரோ இருப்பது வழக்கம்.

மூன்றாம் படி: காணிப் பதிவகம்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், காணி கைமாறும் உறுதி நொத்தாரிசு முன்பாக, 2 சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்றது. காணிப் பதிவு 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது. நொத்தாரிசு ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டாம் பிரதி ஒன்றைப் பதிவகத்துக்கு அனுப்புவார். குடும்பத்தில் உறுதி தொலைந்துபோனாலும் அந்தப் பிரதியைத் தேடிப் பார்க்க வழி உண்டு.

தோட்டம் இருக்கும் பகுதிக்குரிய பதிவகத்துக்கே போகவேண்டும். பதிவேட்டின் தொகுதி, பக்க இலக்கங்களைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். ஒரு பக்கம் நிறைந்தால் அடுத்தது எங்கே தொடர்கிறது என்று எழுதியிருக்கும். 1863க்கு முந்திய கதை வேண்டுமானால், பின்னாளில் எழுதிய உறுதிகளின் முகவுரைப் பத்தியைப் படியுங்கள். விற்பவருக்கு அந்தக் காணி யாரிடமிருந்து, எந்தத் தேதியில், எந்த உறுதியால் வந்தது என்று நொத்தாரிசு அங்கே வரலாறு சொல்லியிருப்பார். பலர் அலுப்பில் தாண்டிப்போவது இந்தப் பத்தியைத்தான். மூன்று தலைமுறை அதற்குள் அடங்கியிருக்கும்.

நான்காம் படி: கடனும் கோர்ட்டும்

செழித்தவர்களைவிட நொடித்தவர்களைப் பற்றித்தான் நீதிமன்றம் அதிகம் எழுதி வைத்திருக்கிறது. 1847இல் காபி விலை சரிந்து பல தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. 1869இல் மடுல்சீமையில் காபி இலையில் துருநோய் கண்டது. 1880களில் காபி ஒழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தபோது அதை நம்பியிருந்தவர்களும் கூடவே விழுந்தார்கள். உங்கள் ஆள் இந்த ஆண்டுகளை ஒட்டி மறைகிறார் என்றால் பதிவகத்தை விட்டு நேரே மாவட்ட நீதிமன்ற ஏடுகளுக்குப் போங்கள்.

அங்கே தேட வேண்டியவை சில. ஈட்டு வழக்கு முதலாவது: கொழும்பு ஏஜென்சிக் கம்பெனிகள் வரப்போகும் விளைச்சலை நம்பிக் கடன் கொடுத்துத் தோட்டத்தை ஈடு பிடித்தன. பணம் வராதபோது வழக்கு, பிறகு நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்கால் நடத்தும் ஏலம். 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த கடனிறுக்க இயலாமை வழக்குகள் இன்னொன்று; கடன் கொடுத்தவர்களின் பட்டியல் முழுவதும் அதில் வரும். கடைக்காரர், கங்காணி, வண்டிக்காரர் என எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். வாரிசுகள் காணியைப் பிரித்துக்கொண்ட வழக்குகளும் உண்டு.

எல்லாவற்றிலும் பெறுமதியானது மரணசாதன வழக்கு. உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொத்து விட்டு இறந்தவருக்கு நீதிமன்றத்தில் ஒரு கட்டு திறக்கப்படும். வாரிசுகளின் பெயர், உறவு, முகவரி, சொத்து விவரம் அதில் இருக்கும். குதிரை, துப்பாக்கி, களஞ்சியத்தில் மிஞ்சிய காபி என்று அவர் வாழ்ந்த வீட்டையே அந்தப் பட்டியலிலிருந்து கட்டி எழுப்பலாம்.

வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் இரண்டு குறுக்குவழிகள். 1802இலிருந்து வெளிவரும் அரச வர்த்தமானியில் பிஸ்கால் ஏலம், மரணசாதன அறிவித்தல்கள் வந்திருக்கும். மேன்முறையீடு வரை போன வழக்கானால் அச்சான சட்ட அறிக்கைகளில் கிடைக்கலாம். பழைய தீர்ப்புகளைப் பொன்னம்பலம் இராமநாதன் தொகுத்திருக்கிறார். அறிக்கையின் தலைப்பிலேயே கீழ்நீதிமன்ற இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தோடு கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திலும், வழக்கு நடந்த நீதிமன்றத்தின் ஏட்டறையிலும் கேளுங்கள். கறையான் முந்திக்கொண்ட கட்டுகளும் உண்டு; அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்தாம் படி: ஏட்டில் பெயர் குறையும் பெண்கள்

துரையோடு வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்கோ சிங்களப் பெண்ணுக்கோ பெரும்பாலும் கலியாணப் பதிவு இல்லை. இலங்கையில் நிலவிய ரோமன் டச்சுச் சட்டப்படி, மணமின்றிப் பிறந்த பிள்ளை தாய்க்கு வாரிசு, தந்தைக்கு வாரிசல்ல. ஆகவே மரணசாதன வழக்கின் வாரிசுப் பட்டியலில் பிள்ளைகள் இல்லை என்பதைக் கொண்டு பிள்ளைகளே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். கொடுக்க நினைத்த துரை உயிலில் ஒரு தொகை எழுதியிருப்பார்; அல்லது உயிரோடு இருக்கும்போதே தோட்டத்துக்கு வெளியே ஒரு துண்டுக் காணியை அந்தப் பெண்ணின் பெயருக்கு நன்கொடை உறுதியாகவோ விலையுறுதியாகவோ முடித்திருப்பார். அவர் சொத்துகளின் பக்கத்தோடு நிறுத்தாமல், அவர் எழுதிக் கொடுத்த உறுதிகளையும் வரிசையாகப் பாருங்கள். பெண்ணின் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படியும் சிதைந்திருக்கும். மீனாட்சியைக் குறைந்தது நான்கு விதமாகத் தேடவேண்டும்.

கொடுக்க நினைக்காத துரையும் உண்டு. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மணமின்றிப் பிறந்த பிள்ளைக்காகத் தாய் நீதவானிடம் பராமரிப்புப் பணம் கேட்க முடிந்தது. அப்படி ஒரு வழக்கு கிடைத்தால், தந்தை யார் என்ற கேள்விக்கு ஏடே பதில் வைத்திருக்கும்.

ஆறாம் படி: கடலுக்கு அப்பால்

சிலோன் 1802இலிருந்து முடியரசின் நேரடிக் குடியேற்றம். எனவே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளில் அதிகம் கிடைக்காது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் சி.ஓ. 54 வரிசையே சரியான இடம். இங்கிலாந்தில் சொத்து வைத்திருந்தவரானால், 1858 முதல் இங்கிலாந்தின் உயில் அட்டவணையில் அவர் பெயர் வரலாம். ஸ்காட்லாந்துக்காரரின் உயிலுக்கு ஸ்காட்லாந்து ஏடுகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். கல்லறையைத் தேடுகிறவர்களுக்கு பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பு உதவும்.

இத்தனையும் கிடைத்தால் காணியில் பங்கு கேட்கலாமா என்று சிலர் விசாரிப்பார்கள். முடியாது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் உடைமையாக்கிவிட்டன.