ஊசி ஏற்றிய மார்பைப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியாக வேலைக்குப் போய்வந்த என் காலம் எக்ஸ்ரே அறையிலேயே கழிந்தது. மமோகிராம் பழக வரும் பிள்ளைகளுக்கு, மார்பைப் பெருப்பிக்க ஊசி ஏற்றிக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1. கேளுங்கள். "ஒப்பரேசன் செய்தீங்களா?" என்றால் இல்லை என்பார், ஊசியை அவர் ஒப்பரேசனாக நினைப்பதில்லை. கூட வந்தவரை வெளியே இருத்திவிட்டு, "எந்த நாட்டிலயாவது மார்பில ஊசியால ஏதும் ஏத்தினீங்களா அக்கா?" என்று கேளுங்கள். ஒருமுறை நான் கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் புற்றுநோய் என்றே நம்பி அழுதார்.

2. திரவ சிலிக்கோன் மமோகிராமில் வெள்ளை வெளேரென்ற உருண்டைகளாகத் தெரியும். சிலவற்றைச் சுற்றி முட்டைக்கோது போலச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் பனிப்புயல் என்று புத்தகம் சொல்லும். பனி காணாத நமக்கு, அன்டெனா விலகிய பழைய டீவித் திரை என்றால் விளங்கும். அதற்குப் பின்னால் எதுவுமே தெரியாது. கமக்கட்டு நெறிகளுக்கும் சிலிக்கோன் போகும். பரவிய புற்றென்று ஏமாறுவது அங்கேதான்.

3. ஒப்பரேசன் செய்து மார்பில் பை வைத்தவர் என்றால் பையைப் பின்னே தள்ளி, சதையை மட்டும் முன்னே இழுத்து எடுக்கலாம். ஊசியில் ஏற்றியது சதைக்குள் பரவிக் கிடக்கிறது. தள்ள வழியில்லை.

4. பரபின் ஏற்றுவது பழைய கொடுமை. வியன்னாவில் கெர்சுனி என்ற டொக்டர் 1899இல் தொடங்கிவைத்தார். இறுகிய கட்டி, இழுபட்ட சதை: படத்தில் அசல் புற்றுப்போலவே இருக்கும்.

5. சீனா 2006இல் தடை செய்த பொலிஅக்ரிலமைட் ஜெல் தண்ணீரைப் போன்றது. ஸ்கானில் கறுப்பு, எம்.ஆர்.ஐ.யின் டீ2 படத்தில் பளிச்சென்ற வெள்ளை. சொந்தக் கொழுப்பை ஏற்றினால் எண்ணெய்க் கட்டி வரும்: மமோகிராமில் நடுவில் கறுப்பு, விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு.

6. "ஊசியாலதான்" என்று ஒருபோதும் ஆறுதல் சொல்லி அனுப்பாதீர்கள். இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்று மார்புப் புற்றுதான். அந்த வெள்ளைக்குப் பின்னால் அதுவும் ஒளிந்திருக்கலாம். மமோகிராம் மறைத்ததை, மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. காட்டக்கூடும். அதைக் கேட்க வேண்டியவர் டொக்டர். அவருக்குத் தெரியவேண்டுமென்றால் என்ன ஏற்றினார்கள், எந்த வருடம், எங்கே என்று அந்தப் பெண் சொன்ன வார்த்தையிலேயே துண்டில் எழுதுங்கள்.

7. முகம் சுளிக்காதீர்கள். அவர் சட்டை போட்டு முடியும்வரை கதவைத் திறக்காதீர்கள்.