அப்பாவின் ரைபிளுக்குப் புதுக் குழல் போடலாமா?

கேள்வி: திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவுக்கு வயது 74. பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் எடுத்த .315 ரைபிள் ஒன்று முப்பது வருடத்துக்கும் மேலாக அவரிடம் இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. ரைபிளோ முன்போலக் குறி பிடிப்பதில்லை. கடைசியாகப் பலகையில் சுட்டுப் பார்த்தபோது ஓட்டை வட்டமாக விழாமல் நீளவாக்கில் கிழிந்திருந்தது. குழலுக்குள் கரும்புள்ளிகள் தெரிகின்றன. குழலை மாற்றிவிடலாமா? விழுப்புரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் தானே கடைந்து தருவதாகச் சொல்கிறார். ‘மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், .303 ஆகவே போட்டுவிடலாம்’ என்கிறார். வேட்டையில் எனக்கும் ஆசை உண்டு. வழி சொல்லுங்கள் ஐயா.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டிவனம் வட்டம்

பதில்: குழலை மாற்ற வேண்டாம். பட்டறைக்காரர் கையில் அந்த ரைபிளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பரிசோதனை முடியும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் குழலைப் பார்ப்போம். ரைபிள் குழல் கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுட்டுச் சுட்டுத் தேய்வது. தோட்டா உட்காரும் அறையைத் தாண்டியதும் வரும் பகுதியை வெடிமருந்தின் சூடான வாயு அரித்துக்கொண்டே வரும். .315 போன்ற மிதமான தோட்டாவில் இந்த அரிப்பு குறியைக் கெடுக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான முறை சுட்டிருக்க வேண்டும். கொல்லைக் காவலுக்கு வைத்த ரைபிள் அவ்வளவு சுட்டிருக்காது. இன்னொன்று துரு. நீங்கள் சொல்லும் கரும்புள்ளிகள் பெரும்பாலும் இதுதான். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருக்கும். சுட்டபின் அது உப்பாகக் குழலில் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் தடவினால் மட்டும் இந்த உப்பு போகாது. வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் போட வேண்டும். உப்பளக் காற்று வீசும் உங்கள் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். தேர்தல்தோறும் ரைபிளை ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதும் குழலைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நீளவாக்கில் விழுந்த ஓட்டைக்கு வருவோம். குழலின் உட்சுவரில் முறுக்கிச் செல்லும் வரிப்பள்ளங்கள்தாம் குண்டைச் சுழல வைக்கின்றன. சுழற்சி போதாவிட்டால் குண்டு தடுமாறிப் பக்கவாட்டில் பாயும். பள்ளங்களில் செம்பும் கரியும் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். குழலின் வாய் விளிம்பு நசுங்கியிருந்தாலும், குழலுக்குப் பொருந்தாத அளவுக் குண்டு போட்டிருந்தாலும் ஆகும். தடுமாறாமல் குறி மட்டும் விலகினால், மரக்கட்டை ஈரத்தில் வளைந்து குழலை ஒரு பக்கம் அழுத்துகிறதா, திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315, லீ என்ஃபீல்டு வகைப் பொறியமைப்பில் வந்தது; மரக்கட்டையின் பொருத்தம் கொஞ்சம் பிசகினாலும் அதன் குறி மாறும். இத்தனையையும் பார்த்துத் தள்ளிய பிறகே குழல்மேல் பழி போட வேண்டும்.

ஆகவே, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ச் செம்புப் படிவை முழுதாக நீக்கச் சொல்லுங்கள். பிறகு குழலை வெளிச்சத்தில் பார்க்கட்டும். மேலோட்டமான புள்ளிகள் இருந்தும் ஒழுங்காகச் சுடும் ரைபிள்கள் நிறைய உண்டு. குழலில் எங்காவது வளையம்போலப் புடைப்போ கீறலோ இருந்தால் அந்தக் குழலின் ஆயுள் முடிந்தது. போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே தேய்ந்திருந்தால் புதுக் குழல் போட்டும் ஆபத்து தீராது. சுடும்போது தோட்டாக்கூடு கிழிந்து வாயு முகத்துக்கே திரும்பக்கூடும்.

இனிச் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதமே. உரிய லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்வதையும் பழுதுபார்ப்பதையும் 5ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு சிறை; ஆயுள்வரையும் போகலாம். பட்டறை நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் சிக்கினால் அவர் குடும்பமும் உங்கள் குடும்பமும் சேர்ந்து அழிந்துபோகும். சாதாரண இரும்புத் தண்டைக் கடைந்து செய்த குழல், சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதிக்கவும் அவரிடம் வழியில்லை.

.303 யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். அது ராணுவத் தோட்டா. பொதுமக்களுக்குத் தடைசெய்த அளவு. இந்தியாவில் .315 பரவியதற்கே, ராணுவ அளவுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதுதான் காரணம். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதை 6ஆம் பிரிவு தடுக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதும் அதே பிரிவில் குற்றம். நசுங்கிய வாய் விளிம்பைக் கடைந்து சரிசெய்வதுகூடக் குழலின் நீளத்தைத் தொடும் வேலை; எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதையும் செய்யச் சொல்லாதீர்கள். பொறித்திருக்கும் எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ தனிக் குற்றம்.

குழல் மாற்றுவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: புதுக் குழல் போட்ட ரைபிளால் எதைச் சுடுவீர்கள்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடைசெய்யப்பட்டது. சுட முயன்றாலே அது வேட்டைதான். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்க மட்டுமே அனுமதி. காட்டுப்பன்றியைக் கொல்ல அது அனுமதி ஆகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்வார்கள். விவசாயி கையில் இருக்கும் ரைபிளுக்கு இதில் இடமே இல்லை.

உங்கள் ஊருக்கென்றே இன்னொரு கட்டுப்பாடும் வரக்கூடும். மரக்காணம் பக்கத்தில் இருக்கும் கழுவேலி நீர்நிலை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வசிக்கும் ஆயுத லைசென்ஸ்தாரர் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் கொடுக்கவும் அவருடைய முன் இசைவு தேவை. உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று திண்டிவனம் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

ரைபிளைக் குடும்பத்தில் வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் முதல் வேலை லைசென்ஸ்தான். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அவரோடு சேர்ந்து மனுக் கொடுங்கள். காலாவதியான லைசென்ஸோடு ஆயுதத்தை வீட்டில் வைத்திருந்து, அவர் காலத்துக்குப் பிறகு அலைவதைவிட இது எவ்வளவோ மேல். லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வந்து, குறிசுடும் விளையாட்டில் உண்மையான ஈடுபாடும் இருந்து, பொறியமைப்பும் நல்ல நிலையில் இருந்தால், அப்போது அதே .315 அளவில், உரிமம் பெற்ற டீலர் மூலம், அனுமதியோடு புதுக் குழலைப் பற்றி யோசிக்கலாம். லைசென்ஸ் வராவிட்டால், தயங்காமல் ஒப்படைத்துவிடுங்கள்.

மல்லாட்டைக்கு வந்த சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகரிடமும் எழுத்தில் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். விதிப்படி அமைத்த சோலார் வேலியைப் பற்றியும் விசாரியுங்கள். ஆனால் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி வைப்பதும் கூடவே கூடாது. பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்துக் கொல்லைக்காரரும் மாடு மேய்க்கும் பிள்ளையும் மாட்டிச் சாகிறார்கள். எந்த விளைச்சலும் அந்த உயிர்களுக்கு ஈடாகாது.