முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப் போடலாமா?

திருநள்ளாற்றுப் பக்கத்தில் இரண்டு லாரிகளை வைத்துக் கொண்டு, வீடு மாற்றுவோரின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி ஏற்றி இறக்கிக் கொடுக்கும் தொழில் செய்துவரும் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். சாமான் தூக்க உள்ளூரில் ஆள் கிடைக்காமல், மேஸ்திரி ஒருவர் மூலமாக ஒடிசாவிலிருந்து நான்கு வாலிபர்களை அமர்த்தியிருக்கிறாராம். அவர்கள் கூலியை மேஸ்திரியிடமே கொடுத்து விடுகிறார். அவர்களுடைய ஆதார் அட்டைகளும் மேஸ்திரியின் பையில்தான் இருக்கின்றன. அவர்களில் ஒருவன், தாயாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, 'வாங்கிய 18,000 ரூபாயைக் கழித்துவிட்டுப் போ' என்று மேஸ்திரி தடுத்துவிட்டாராம். "நான் அவனை அடிக்கவில்லை, கூலியைக் குறைக்கவும் இல்லை. என் மீது குற்றம் உண்டா?" என்பது சகோதரரின் கேள்வி.

உண்டு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இப்படிக் கேட்கத் தோன்றியதே அல்லாஹ் அவருக்குச் செய்த கிருபை. இதே நிலையில் இருக்கும் எத்தனையோ பேர் கேட்பதில்லை.

காரைக்கால் சீமையில் இது புதிய விஷயமுமல்ல. பிரெஞ்சு அரசு 1848-ல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அதற்காக ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று பெயர் வைத்து, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழ் ஏழைகளை ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். தஞ்சைச் சீமையின் கிராமங்களில் ஆள் பிடித்தவர்கள் முன்பணத்தைக் காட்டியே பிடித்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் காரைக்காலுக்குக் கொண்டு வருகிறார்கள் என்று ஆங்கில அதிகாரிகளே முறையிட்டார்கள். 1861-ல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து அதைச் சட்டபூர்வமாக்கின. ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவது 1882-ல் நின்றது. மற்ற இரு தீவுகளுக்கும் அதன் பிறகு நின்றது. அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே தமிழ்ப் பெயர்களோடு வாழ்கிறார்கள். அன்று கழுத்தில் சங்கிலி இல்லை. கைநாட்டு வைத்த ஒரு காகிதமும், கையில் கொடுத்த கொஞ்சம் பணமுமே சங்கிலியாயின. ஆதார் அட்டையை வாங்கி வைத்துக் கொள்ளும் மேஸ்திரியும் அந்தப் பழைய ஆள்பிடிகாரனின் வாரிசுதான்.

நமது நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, கடனையோ முன்பணத்தையோ காரணம் காட்டி ஒருவன் வேறிடத்தில் வேலை செய்யும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ பறித்தால் அது கொத்தடிமை. அப்படிப்பட்ட கடன் ரத்தாகிவிடுகிறது. அதைத் திருப்பித் தர வேண்டிய கடமையே இல்லை. 'அது கொத்தடிமைக் கடன் அல்ல' என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவன் தலையில்தான். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. விடுவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருடையது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய வேலைதான் என்று 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டிடத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசி ஒருவனை இணங்க வைத்தால் அதுவும் வற்புறுத்தல்தான் என்று அந்த நீதிபதிகள் கண்டார்கள்.

இனி ஷரீஅத்தின் கண்ணால் பார்ப்போம். முன்பணம் இரண்டு வகை. செய்யப் போகும் வேலைக்கான கூலியை முன்கூட்டியே கொடுப்பது ஒரு வகை. இது ஆகுமானது. மற்றொன்று, கடன் கொடுத்து, 'தீரும் வரை என்னிடமே, நான் சொல்லும் கூலிக்கே வேலை செய்ய வேண்டும்' என்று நிபந்தனை போடுவது. கடனையும் வியாபாரத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாடகையும் கூலியும் வியாபாரத்தின் இனமே என்பதால் இமாம்கள் அவற்றையும் இதில் சேர்த்தார்கள். கடன் கொடுத்தவனுக்கு நிபந்தனையின் பேரில் ஆதாயம் தருவது வட்டியின் வாசல் என்பது ஃபிக்ஹின் விதி. வட்டிக் கடையைக் கண்டால் ஒதுங்கிப் போகும் நம்மவர்கள், தங்கள் கணக்குப் புத்தகத்தில் இந்த வட்டி எழுதப்படுவதைக் கவனிப்பதில்லை.

திருமறையில் மூஸா (அலை) அவர்கள் கூலிக்கு அமர்ந்த வரலாறு வருகிறது (28:26-28). மத்யன் பெரியவர் எட்டாண்டு என்றார். பத்தாக்குவது உம்முடைய விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்றார். தவணை தெரிந்தது, விலகும் உரிமையும் தெரிந்தது. ஒப்பந்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும். சுதந்திரமான மனிதனை விற்று அந்தப் பணத்தைத் தின்றவனுக்கும், வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் கூறுவதாக புகாரியில் வரும் ஹதீஸ் அறிவிக்கிறது. இவ்விருவரும் ஒரே ஹதீஸில் அருகருகே நிற்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

'மேஸ்திரிதானே செய்கிறார்' என்பது பதிலாகாது. பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவக்கூடாது என்பது இறைகட்டளை (5:2). ஆகவே சகோதரர் கூலியை அந்த வாலிபர்களின் கையிலோ, அவர்களுடைய வங்கிக் கணக்கிலோ நேரே சேர்க்க வேண்டும். மேஸ்திரிக்கு உரிய தரகு வேறு, அதைத் தனியாகக் கொடுக்கலாம். அட்டைகளை அன்றே திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டும். இரவில் கிடங்கைப் பூட்டி அவர்களை உள்ளே படுக்க வைப்பதும் கூடாது. சாக்கு, கயிறு, அட்டைப்பெட்டி, மரச்சட்டம் கொண்டு வருகிறவர்களிடமும், வாடகைக்கு எடுக்கும் லாரியிலும் கண்ணை வைக்க வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத பையன் கிளீனராக வந்தால் அந்த லாரி வேண்டாம். சந்தை விலைக்கு வெகு கீழே ஒருவர் சரக்குக் கொடுத்தால், அந்தக் குறைவு யாருடைய கூலியிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் எந்த வேலையாளும் உண்மை பேசமாட்டான். தனியாக, அவனுக்குத் தெரிந்த பாஷையில் கேட்க வேண்டும். இது துருவித் துருவி ஆராய்வதல்ல. ஆதாரமில்லாமல் ஒருவர் மீது பழி போடுவதுதான் தடுக்கப்பட்டது. சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் வண்டிக்கும் ஆளுக்கும் கிராக்கி ஏறும் நாட்களில்தான் இந்த விசாரணையெல்லாம் விட்டுப் போகும்; அப்போதுதான் அதிகம் வேண்டும்.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. 'கல்யாணம் செய்து வைக்கிறோம்' என்று ஏழைப் பெண் குழந்தையை அழைத்து வந்து, சம்பளமின்றிச் சமையற்கட்டில் வளர்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அரபு நாட்டில் நம் பிள்ளையின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக் கொண்டால் நாம் கண்ணீர் விடுகிறோம். அதே கண்ணீர் அந்தக் குழந்தையின் தாய்க்கும் உண்டு.

கடைசியாக அந்த 18,000 ரூபாய். அவன் இப்போதே ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்கக்கூடாது. வேலையோடு கட்டிய கடனென்றால் சட்டப்படி அது செத்துப் போயிற்று. கட்டுப்பாடில்லாத உண்மையான கடனென்றாலும், கஷ்டத்தில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறை (2:280). சகோதரர் தன் ஸகாத்திலிருந்து அவனுக்கு உதவலாமா என்றும் கேட்டிருக்கிறார். பையன் முஸ்லிமாகவும் கடனாளியாகவும் ஏழையாகவும் இருந்தால் கொடுக்கலாம்; மாற்று மதத்தவனாக இருந்தால் ஸதகாவிலிருந்து கொடுக்கட்டும். ஆனால் ஒன்று: பிற்காலத்தில் சகோதரரே யாருக்காவது கடன் கொடுத்து, 'அதைத் தள்ளுபடி செய்தேன், அதுவே என் ஸகாத்' என்றால் ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்படி அது நிறைவேறாது. பணத்தை அவன் கையில் கொடுத்தாக வேண்டும். திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் போடக்கூடாது.