மஞ்சட் காமாலையும் குடிதண்ணீரும்



குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை வீசினால் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். 1955-ம் வருஷக் கடைசியில், வெள்ளத்துக்குப் பின் யமுனை நதி ஒதுங்கி ஓடவே, டில்லி நகரத்துக்குத் தண்ணீர் இறைக்கும் வஜீராபாத்தில் நஜப்கர் சாக்கடை வந்து கலந்தது. குளோரின் அதிகமாய்ப் போட்டார்கள், டைபாய்டு பரவவில்லை. ஆனால் வைரஸ் கிருமி தப்பிவிட்டது. 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது! கர்ப்பிணிகளுக்கே உயிராபத்து மிகுதியாயிருந்தது.

நோயாளியின் மலத்தோடு வெளிப்படும் இக்கிருமி, தண்ணீர் வழியே பிறர் வயிற்றில் சேர்ந்து ஈரலைத் தாக்குகிறது. கண் மஞ்சளிக்க ஐந்தாறு வாரமும் ஆகலாம். எந்தக் குடத்து நீரால் வந்ததென்று யார் கண்டார்?

ஆகையால் தண்ணீரை நன்றாய்க் கொதிக்கவைத்து, ஆற்றி, மூடி வையுங்கள். கர்ப்பிணிகள் திருவிழாவுக்குப் போகையிலும் அந்தத் தண்ணீரையே கொண்டுபோகட்டும்.